அஞ்சடிப் புல்லுக்கு மருந்து வேண்டுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் இரண்டு நாள் மழை, இரண்டு நாள் வெயில் என்று மாறி வந்தால் போதும். அஞ்சடி என்னும் கடைவீட்டு முன்நடைபாதையின் ஓட்டு இடுக்கில், கால்வாய் விளிம்பில், கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுக் கல் நடுவில் புல் தலைகாட்டிவிடும். பலரும் முதலில் தேடுவது புல் மருந்தைத்தான். கடையில் எளிதாகக் கிடைக்கிறது, முதுகு வளைய வேண்டாம், ஓரிரு வாரத்தில் காய்ந்துவிடும். ஆனால் தோட்டத்து மண்ணில் அடிப்பதும் கல் தரையில் அடிப்பதும் ஒன்றல்ல. கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் தாமான் குடியிருப்பாளர்களும் இதுபற்றி வழக்கமாக எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

தோட்டத்தில் அடிக்கிற அதே மருந்தைத்தானே வாசலிலும் அடிக்கிறோம். இதில் என்ன வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் மண்ணில்தான் இருக்கிறது. இன்று அதிகம் விற்கும் களைக்கொல்லியான கிளைபோசேட், மண்ணில் விழுந்தால் களிமண் துகள்களோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். கல், சிமெண்டு, தார் ஆகியவற்றின் மேல் பிடித்துக்கொள்ள மண்ணும் இல்லை, சிதைக்கப் போதிய நுண்ணுயிரும் இல்லை. இலையில் படாமல் தரையில் விழுந்த பங்கு அங்கேயே உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் கால்வாய்க்குப் போகிறது.

பினாங்கில் அந்த மழைக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் மழை ஏறக்குறைய நிச்சயம். காலையில் அடித்த மருந்து இலைக்குள் இறங்கவே சில மணி நேரம் தேவை. அதற்குள் மழை பிடித்தால் புல்லும் சாகாது, மருந்தும் தங்காது. செலவழித்த காசு கால்வாயில் ஓடும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அப்படியானால் 1 கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். 41 விழுக்காட்டு கிளைபோசேட் மருந்தில் 100 மில்லியை முதுகுத் தெளிப்பானில் ஊற்றினால், அதில் 40 கிராமுக்கு மேல் இருக்கிறது. அடித்தது முழுவதும் கழுவிப் போகாதுதான். கழுவிப் போகும் சிறு பங்கும் சிறிதல்ல என்பதற்காகவே இந்தக் கணக்கு.

நெதர்லாந்து இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மாஸ் ஆற்று நீரைக் குடிநீராக்கும் நிறுவனங்கள் கிளைபோசேட்டோடு மல்லுக்கட்ட நேர்ந்தபோது, வயல்களுக்கு இணையாக நகரத்து நடைபாதைகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. பயன்படுத்தும் அளவைப் பார்த்தால் நடைபாதைகளின் பங்கு சொற்பம். ஆற்றில் சேர்வதில் அவற்றின் பங்கு அதைவிடப் பல மடங்கு. கல் தரையின் குணம் அது.

அப்படியானால் நாம் குடிக்கும் தண்ணீரில் இது கலக்கிறதா?

ஜோர்ஜ்டவுன் கால்வாய்களைப் பொறுத்தவரை, இல்லை. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி முடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் சுங்கை டூவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. நகரத்துக் கால்வாய் நீர் பினாங்கு ஆற்றிலும் நேரே கடலிலும் போய்ச் சேர்கிறது. வாசலில் அடித்த மருந்து குழாயில் திரும்பி வரும் என்று பயமுறுத்துவது சரியல்ல.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. கடலில் நீர்த்துப்போகும் என்பது உண்மை. ஆனால் கிளைபோசேட் சேற்றில் ஒட்டிக்கொள்ளும் பொருள். கால்வாய் வாயிலும் கரையோரச் சதுப்பிலும் இருக்கும் சேறு நண்டுக்கும் இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் வீடு. இன்னொன்று, புட்டியில் இருப்பது கிளைபோசேட் மட்டுமல்ல. மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற துணைப்பொருள்கள் நீர்வாழ் உயிர்களுக்குச் சில நேரம் கிளைபோசேட்டைவிடக் கேடானவை. அவற்றில் ஒரு வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடை செய்தது.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத்தான் தடை செய்துவிட்டார்களே. இப்போது கடையில் இருப்பவை பாதுகாப்பானவைதாமே?

பாராகுவாட்டின் கதையை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டப்புறத்தில் ரப்பர் மரத்தடியிலும் செம்பனை மரத்தடியிலும் அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது என்று அவர்கள் சொன்னதை நெடுங்காலம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கூட்டமைப்பும் இணைந்து அந்தப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடிய, முறிமருந்தே இல்லாத நஞ்சுக்கு இத்தனை ஆண்டு அவகாசம் கொடுத்தது பெரும் அநீதி.

அதன் இடத்தை நிரப்பியவை கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும். உடனடி நச்சுத்தன்மையில் இரண்டும் பாராகுவாட்டைவிடக் குறைந்தவை. ஆனால் குறைந்த நஞ்சும் நஞ்சுதான். குளுபோசினேட் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே அதற்கான அனுமதி 2018-இல் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை.

கிளைபோசேட் பற்றி அறிவியல் அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் அதை “மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகம்” என்ற பிரிவில் வைத்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தச் சாத்தியம் குறைவு என்றது. முன்னது, ஒரு பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை இருக்கிறதா என்று பார்க்கும். பின்னது, நடைமுறையில் உடலில் சேரும் அளவையும் சேர்த்துப் பார்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2033 டிசம்பர் வரை அதற்கு அனுமதியை நீட்டித்திருக்கிறது. இலங்கை 2015-இல் தடை செய்து, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. இந்தியா 2022-இல், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது.

இந்த விவாதம் இன்னும் பல ஆண்டு ஓடும். வாசலில் முளைத்த ஒரு கைப்பிடிப் புல்லுக்காக நாம் அதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டுமா? வயலில் விளைச்சலுக்காக அடிப்பவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நடைபாதையில் தோற்றத்துக்காக அடிக்கிறோம். அதற்குக் குழந்தையும் நாயும் நடக்கும் இடத்தில் நஞ்சு தேவையில்லை என்பதே எமது கருத்து.

முன்பு ஒரு தடவை அடித்தால் எல்லாப் புல்லும் செத்தது. இப்போது ஒரு வகைப் புல் அசையவே மாட்டேன் என்கிறது. மருந்தில் கலப்படமா?

பெரும்பாலும் மருந்தில் குறையில்லை. தரையோடு படர்ந்து, அடித்தண்டு தட்டையாக வெளிறிப்போய், விரல்களை விரித்தாற்போலக் கதிர் விடுகிறதா? அது கேழ்வரகின் நெருங்கிய உறவான புல். மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள். மிதிபட்டு இறுகிய மண்ணும் நடைபாதை இடுக்கும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். கையால் இழுத்தால் இலை அறுந்து வரும், வேர் வராது.

இந்தப் புல்லில் கிளைபோசேட்டுக்கு அடங்காத வகை உலகிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நாட்டில்தான். பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் பகுதியில், 1997-இல். பாராகுவாட்டுக்கு அடங்காத வகை அதற்கும் முன்பே இங்கே தோன்றியிருந்தது. பின்னர் குளுபோசினேட்டுக்கும் அடங்காத வகை மலேசியாவில் பதிவானது. ஒரே மருந்தை ஆண்டுக்குப் பல முறை அடிக்கும்போது, தப்பிப் பிழைக்கும் ஓரிரு செடிகள் மட்டும் விதை விடுகின்றன. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும். நமக்குக் குளிர்காலம் கிடையாது, ஆண்டு முழுக்க முளைக்கலாம். சில ஆண்டுகளில் அந்த இடம் முழுக்க மருந்துக்கு அஞ்சாத பரம்பரையே நிற்கும்.

அளவைக் கூட்டி அடிப்பதுதான் பலரும் செய்வது. அதில் பயனில்லை. இந்தப் புல்லுக்கு முடிவு கட்டுவது சுரண்டிதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், கதிர் விடுவதற்கு முன், அடியில் கத்தி கொடுத்து வேரோடு நெம்பி எடுக்க வேண்டும்.

மருந்து இல்லாமல் ஒரு தெருவையே சுத்தமாக வைத்திருக்க முடியுமா?

முடியும். ஆனால் வேலையின் தொடக்கத்தை மாற்ற வேண்டும். நாம் புல்லைப் பார்க்கிறோம், புல் நிற்கும் மண்ணைப் பார்ப்பதில்லை. நடைபாதைப் புல் கல்லுக்கு அடியிலிருந்து வருவது குறைவு. காற்றிலும் பறவையிலும் காலணியிலும் வந்த விதை, மேலே இடுக்கில் சேர்ந்த மண்ணில் முளைக்கிறது. அந்த மண்ணும் மேலிருந்து வந்ததே. மழைமரமும் அங்சானாவும் உதிர்க்கும் சருகு, தூசி, உணவுத் துணுக்கு எல்லாம் விளிம்பில் ஒதுங்கி மக்கி, ஒரு விரற்கடை மண்ணாகிறது. விதைக்கு அது போதும்.

ஆகவே முதல் கருவி ஈர்க்குமாறு. வாரத்துக்கு ஒரு முறை சுவரோரமும் கால்வாய் விளிம்பும் படிக்கட்டின் மூலையும் அழுத்திக் கூட்டப்பட்டால் பாதிப் புல் முளைக்கவே முளைக்காது. கூட்டும் வண்டி தெரு நடுவைச் சுத்தம் செய்யும், ஓரத்தை எட்டாது. புல் நிற்பதோ ஓரத்தில்.

இரண்டாவது, இடுக்கை அடைப்பது. பெயர்ந்த ஓடு, உடைந்த சிமெண்டு, மணல் அரித்துப் போன கல் இணைப்பு ஆகியவை விதைக்குத் திறந்த கதவுகள். மணலை மீண்டும் நிரப்பி அழுத்திவிட்டால் பல மாதம் கவலையில்லை. புதிதாகக் கல் பதிப்பவர்கள் இடுக்கைக் குறுக்கிப் பதிக்கச் சொல்லுங்கள். தேவையே இல்லாத இடத்தில் கல் பதிப்பதையும் மறுபரிசீலனை செய்யலாம். யாரும் நடக்காத ஓரத்தில் கல் பதித்து அதில் புல்லை விரட்டிக்கொண்டிருப்பதைவிட, அங்கே தரையை மூடும் செடியை வைத்துவிடுவது மேல்.

மூன்றாவதுதான் வந்த புல்லை நீக்குவது. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகராட்சிகளோடும் நீர் நிறுவனங்களோடும் சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நடைமுறையை வகுத்தார்கள். எங்கே புல்லைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் தெருவாரியாக முடிவு செய்வது. பிறகு கூட்டுதல், தூரிகை இயந்திரம். அதற்கும் மிஞ்சிய செடிக்கு மட்டும், அதன் மேல் மட்டும் படும்படி, மழை வராத நாளில், கால்வாய் வாயிலிருந்து தள்ளி, மருந்து. இதனால் மருந்தின் அளவும் கழுவிப் போவதும் வெகுவாகக் குறைந்தன. பின்னர் 2016-இல், நடைபாதைகளில் தொழில்முறையாகக் களைக்கொல்லி அடிப்பதையே அந்த நாடு தடை செய்தது. பிரான்சில் 2017 முதல் பொதுப் பூங்காக்களிலும் தெருக்களிலும் அரசு அமைப்புகள் இரசாயன மருந்து அடிக்க முடியாது.

செலவு கூடும் என்பதை மறைக்கக்கூடாது. ஆள்கூலி மருந்தைவிட அதிகம். புல் சாகும் வேகமும் குறைவு. ஆனால் தடுப்பாற்றல் பெற்ற புல்லுக்கு மூன்று தடவை மருந்து அடிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இடைவெளி சுருங்கும்.

வெந்நீர் ஊற்றலாமா? தீயால் கருக்கலாமா?

வெந்நீர் நல்ல முறை. கொதிநிலைக்கு அருகில் இருக்கும் நீர் பட்டதும் இலையின் உயிரணுக்கள் வெந்துவிடும். ஐரோப்பிய நகரங்களில் 98 டிகிரி வரை சூடாக்கி ஊற்றும் வண்டிகள் உண்டு. வீட்டில் முட்டை வேகவைத்த தண்ணீர் போதும், உப்புப் போடாததாக இருக்க வேண்டும். ஆழ வேரோடிய செடி மீண்டும் துளிர்க்கும், மீண்டும் ஊற்ற வேண்டும். காலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

தீ வேண்டாம். மர உத்தரமும் மரப் பலகணியும் கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கடைவீடுகளின் ஊர் இது. உலர்ந்த ஜனவரியில் ஒரு பொறி போதும்.

வினிகரும் உப்பும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து தெளித்தால் இயற்கை மருந்து என்று கைப்பேசியில் ஒரு குறிப்பு வருகிறதே?

அதைப் பகிர்பவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் ஜோர்ஜ்டவுனில் இதைச் செய்யவே கூடாது. நம் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. வினிகர் அமிலம், சுண்ணாம்பை அரிக்கும். உப்பு அதைவிட மோசம். தண்ணீரில் கரைந்து செங்கல் வழியே மேலே ஏறும், உலரும்போது படிகமாகி உள்ளிருந்து தள்ளும், பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சுவரடியில் வெள்ளை பூத்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. ஈரத்தாலும் உப்பாலும் ஏற்கெனவே நோகும் சுவருக்கு நாமே உப்பு ஊட்டக்கூடாது.

அதோடு வினிகர் மேலே இருக்கும் இலையை மட்டுமே கருக்கும். கடையில் கிடைக்கும் அடர்ந்த அசெட்டிக் அமிலமோ கண்ணைப் பறித்துவிடக்கூடியது. இயற்கை என்ற பெயரால் எதையும் நம்பிவிட முடியாது.

சுவரிலேயே ஆலும் அரசும் முளைத்துவிட்டனவே, அதற்கும் மருந்து வேண்டாமா?

இரண்டு இலை விட்ட கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட்டால் எதுவும் வேண்டாம். தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளக்கும். விரல் மொத்தத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் இழுக்காதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். பாரம்பரியக் கட்டடப் பழுது தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வெட்டிய அடித்தண்டின் மேல் மட்டும் தூரிகையால் மருந்து தடவுவது சில நேரம் தேவைப்படலாம். மருந்து நியாயமாகத் தேவைப்படும் வெகுசில இடங்களில் இது ஒன்று. துளையைச் சிமெண்டால் அடைக்காமல் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கச் சொல்லுங்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும்.

தெருவோரத்தில் கீழாநெல்லி, குப்பைமேனி, அருகம்புல் பறிக்கிறோம். பறிக்கலாமா?

வேண்டாம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியும், பிள்ளையாருக்கு அருகம்புல்லும், சளிக்குக் குப்பைமேனியும் தேடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கிளைபோசேட் அடித்த செடி உடனே வாடாது. மஞ்சளாகவே ஒரு வாரம் ஆகும். அதுவரை பச்சையாக, நலமாகத்தான் தெரியும். கழுவினாலும் இலைக்குள் இறங்கியது போகாது. ஒரு தொட்டியில் கீழாநெல்லியையும் இன்னொன்றில் அருகையும் வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் கேட்காமலே வளரும். காமாலை என்றால் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு கவலை தைப்பூசம். குயின் ஸ்திரீட்டிலிருந்தும் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்தும் தண்ணீர்மலைக் கோயில் வரை இரதங்களின் பின்னே பல்லாயிரம் பேர் வெறுங்காலோடு நடக்கும் பாதை அது. தைப்பூசம் மழை குறைந்த பருவத்தில் வருவதால், கல்லின் மேல் காய்ந்து கிடப்பதைக் கழுவிவிட மழையும் வராது. திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பாதையில் யாரும் எந்த மருந்தும் அடிக்காமல், தண்ணீரும் துடைப்பமும் கொண்டு மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். கோயில் நிர்வாகங்களும் பந்தல் போடுபவர்களும் இதை வற்புறுத்திக் கேட்கலாம்.

புல்லை விட்டுவைத்தால் டெங்கி வராதா?

ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தெளிந்த நீரில். பூந்தொட்டித் தட்டு, அடைத்த தண்ணீர்க் குழல், தூக்கி எறிந்த உணவுப் பெட்டி ஆகியவைதான் அதன் இடங்கள். நடைபாதைப் புல்லில் அது பெருகாது. அடர்ந்த புதரில் கொசு பகலில் ஒதுங்கும் என்பது உண்மை, அதற்குப் புதரை வெட்டினால் போதும். மருந்தடித்துக் காய்ந்த புல் கால்வாயில் விழுந்து நீரோட்டத்தை அடைத்தால், தண்ணீர் தேங்க நாமே வழி செய்தவர்களாவோம்.

எங்கள் தாமானில் குத்தகையாளர்தான் அடிக்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் அடிப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி. முகமூடியும் கையுறையும் நீள் காலணியும் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா, புட்டியில் எழுதியிருப்பது அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் தாய்மாரும் அக்காமாரும் தோட்டத்தில் பட்டதை இன்னொருவர் மகன் தெருவில் படுவதற்கு நாம் சாட்சியாக நிற்கக்கூடாது.

அடுத்து, குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள்: எந்த மருந்து, எந்த அளவு, எந்தத் தேதி, முன்னறிவிப்புப் பலகை உண்டா? குத்தகை உடன்படிக்கையில் “மாதம் ஒரு முறை மருந்து தெளிக்க வேண்டும்” என்றிருந்தால் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். தெளித்த எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் தெளிப்புதான் கிடைக்கும். நெதர்லாந்து நகராட்சிகள் புல் எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி வரை இருக்கலாம் என்பதைப் படங்களோடு தரநிலையாக வைத்து, அந்த நிலைக்குக் கூலி கொடுக்கின்றன. பெரிய சாலையோரத்துக்கு ஒரு நிலை, பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு நிலை, யாரும் போகாத பின்சந்துக்கு ஒரு நிலை.

பொதுத் தெருவாக இருந்தால் பினாங்கு மாநகர் மன்றத்திடமும் உங்கள் வட்டார மன்ற உறுப்பினரிடமும் இடம், நாள், படத்தோடு புகார் கொடுங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக நச்சு இரசாயனங்களுக்கு எதிராகப் பேசிவரும் அமைப்பு. அதன் கல்விப் பிரிவு தமிழிலேயே வழிகாட்டும். புகாரோடு நிறுத்தாமல், உங்கள் வரிசையில் ஒரு ஐம்பது மீட்டரைக் காட்டி, இங்கே ஆறு மாதம் மருந்தில்லாமல் பார்த்துக்கொள்கிறோம், கூட்டும் ஆளை ஓரம்வரை கூட்டச் சொல்லுங்கள், உடைந்த கல்லைச் சரிசெய்து கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். மறுப்பதற்குக் கடினமான கோரிக்கை அது.